கன்றிப்போன கை

அந்த அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகி வருவது அதுதான். ஆனால் எங்கள் மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "எறும்பு அக்கா" என்று கேட்டால் வாசல் காவலாளியிலிருந்து இதய டாக்டர் வரை கை நீட்டி வழி காட்டுவார்கள்.

அவர் வேலை நோயாளிகளிடமிருந்து ரத்தம் எடுப்பது. ஊசி குத்துவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே வசனம்தான்: "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." அலறுகிற குழந்தைக்கும் அதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் போட்டு, மயக்க மருந்தில் கட்டையாகக் கிடப்பவருக்கும் அதேதான்.

"நினைவே இல்லாத ஆளுகிட்ட எதுக்குக்கா எறும்புக் கதை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லாம கொள்ளாம வந்து கடிக்கிறது பாம்புடா. நான் எறும்பு" என்றார்.

நான் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய அன்று அந்தக் கறுப்பு அங்கியைக் கழற்ற மனம் வராமல் போட்டோ கடையில் ஒன்றுக்கு நான்கு படம் எடுத்துக்கொண்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலை கிடைத்ததும் அப்பா போனில் விசாரித்தார்.

"நீ ஊசி போடுவியா?"

"இல்லப்பா."

"மருந்து எழுதுவியா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்னதான்டா செய்வே?"

"ரத்தம் என்ன சொல்லுதுன்னு பார்த்துச் சொல்லுவேன்."

"அட, ஜோசியம்!"

"ஜோசியக்காரன் தப்பாச் சொன்னா ஆளு சாகமாட்டான்ப்பா" என்றேன். அப்பா, "அப்பச் சாக்கிரதையாப் பாரு" என்று போனை வைத்துவிட்டார்.

அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது. இயந்திரங்கள் ஓடும் இரைச்சல் மட்டும் உண்டு. பகல் வேலையில் பெரும்பாலும் நான் ஒருவன்தான். வார்டுகளிலிருந்து சிறிய லிஃப்ட் ஒன்றில் ரத்தக் குழாய்கள் தட்டில் இறங்கி வரும். முகம் வராது, கட்டில் எண்ணும் வயதும் மட்டும் வரும். எறும்பு அக்காவையும் நான் முகத்தால் அறிந்ததைவிடக் குரலால் அறிந்ததுதான் அதிகம். குழாயை லிஃப்டில் வைத்த கையோடு போன் செய்வார்.

"வந்துச்சா பட்டதாரி?"

"வந்துச்சுக்கா."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"படிச்சவன் எல்லாத்தையும் படிச்சான், பசிக்கிறப்போ சாப்பிடணும்னு மட்டும் படிக்கலை."

குழாய் வந்து சேர்ந்ததா என்று போன் செய்து கேட்க வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லை. வேறு யாரும் அப்படிக் கேட்பதும் இல்லை. முதலில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது. பிறகு போன் அடிக்காத நாளில் கூடத்தின் இரைச்சல் கூடிவிட்டது போலத் தோன்ற ஆரம்பித்தது.

அக்கா குடியிருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். கணவர் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல். இவருக்குப் பகல் வேலை. ஒருவர் படியேறி வரும்போது இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அப்படியே பல வருடங்கள். பிறகு அவருக்கு வேறொரு ஊரில் சரக்குக் கிடங்கில் வேலை அமைந்தது. மாதம் ஒருமுறை வந்தார். அப்புறம் விசேஷம் என்றால் வந்தார். அப்புறம் வரவில்லை. "சண்டை போட்டுப் பிரிஞ்சவங்களுக்குச் சொல்லிக்க ஒரு கதையாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லடா" என்பார் அக்கா, சிரித்துக்கொண்டே. ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடம் வெளிநாடு. விடுமுறை நாளில் வீடியோவில் அழைப்பாள். "ஒரு நிமிஷம்மா" என்று போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கப் போவாள். அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போகும்.

"எம் பொண்ணு முகத்தைவிட அவ வீட்டு மின்விசிறி எனக்கு நல்லாப் பழக்கம்" என்றார் ஒருநாள். "மூணு இறக்கையில ஒண்ணு லேசாக் கோணல். மருமகன்கிட்டச் சொல்லணும்."

இப்படிப்பட்டவருக்கு ஐசியூ பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் அங்கே போக அஞ்சுவார்கள். இயந்திரங்கள் மாறி மாறிக் கத்தும். படுத்திருப்பவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அக்கா உள்ளே போனால் ஊசியைப் பிரிப்பதிலிருந்து பஞ்சை அழுத்திப் பிடிப்பது வரை பேசிக்கொண்டே இருப்பார். வழியில் பேருந்து பழுதானது, டயர் கடை நாய் குட்டி போட்டது, மாடியில் தண்ணீர் வராதது, எல்லாம் கட்டில் கட்டிலாகப் போய்ச் சேரும்.

"இவங்க நடுவுல பேசமாட்டாங்க. 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டுப் போகவும் மாட்டாங்க" என்பார்.

அந்தப் பேச்சே ஒருமுறை வினையாயிற்று. கதை சொல்லிக்கொண்டே இரண்டு கட்டில்களின் ரத்தக் குழாய்களில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். பரிசோதனைக்கு முன்பே கண்டுபிடித்ததால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஆனால் நர்ஸ்களின் மேற்பார்வையாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை தப்பு வந்தா ஐசியூ பக்கம் நீங்க வரவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை அக்கா போனில் என்னிடம், "வேலையை விட்டுத் தூக்கியிருந்தாக்கூட மனசு இவ்வளவு அடிச்சுக்கிட்டிருக்காது" என்றார்.

அந்த எச்சரிக்கை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் லாரி டிரைவர் வந்து சேர்ந்தார்.

வயிற்று வலியை வழியெல்லாம் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். குடல் வெடித்த பிறகுதான் ஸ்டீயரிங்கை விட்டார். அவசரமாக வயிற்றைத் திறந்து தைத்தார்கள். நச்சு ரத்தத்தில் கலந்துவிட்டதால் ஐசியூவில் செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள். ஊர் வெகு தூரம். லாரி கம்பெனியின் மேலாளர் வந்து கையெழுத்துப் போட்டார். அவர் முதலில் கேட்டது லாரி சாவி எங்கே என்று. டிரைவருக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாள்; அவள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், வந்தபாடில்லை.

யாரும் எட்டிப் பார்க்காத கட்டில் என்றால் எறும்பு அக்காவுக்குச் சொல்லவா வேண்டும்? முதல் நாளே அவர் 'டிரைவர் அண்ணன்' ஆகிவிட்டார். டயர் கடையில் என்ன விலை விற்கிறது என்பதுவரை அவருக்குச் செய்தி போயிற்று.

இப்படிப்பட்ட நோயாளியிடம் இதயம்தான் பெரிய புதிர். நாம் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'வலிக்குது' என்போம். மயக்கத்தில் கிடப்பவரால் முனகக்கூட முடியாது. அவருக்காக ரத்தம்தான் பேச வேண்டும். இதயத் தசை நோகும்போது அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியும். ட்ரோப்போனின் என்று பெயர். சுருக்கமாக 'ட்ரோப்' என்போம். அது எகிறினால் மாரடைப்பாக இருக்கலாம். ஆனால் ஐசியூவில் வெறும் அளவை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்தில் நச்சு கலந்தாலும், சிறுநீரகம் படுத்தாலும் இதயம் சிரமப்பட்டு அதைக் கசியவிடும். ஆகவே சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அளவு அப்படியே நின்றால் ஒரு கதை, மடமடவென ஏறினால் வேறு கதை. ஒரு ஆள் இளைத்திருக்கிறாரா என்று சொல்ல, அவரை முன்பு பார்த்திருக்க வேண்டும் அல்லவா? அது போலத்தான். முதல் ரத்தம் தப்பாகிவிட்டால் இரண்டாவது சரியாக இருந்தும் பொய்தான் சொல்லும்.

டிரைவர் அண்ணனின் மணிக்கட்டில் ரத்தம் எடுப்பதற்கென்றே ஒரு குழாய் செருகியிருந்தார்கள். அது அடைத்துக்கொண்டது. பிறகு ஊசிதான். வலது கையில் குளுக்கோஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் தினமும் இடது கையில் குத்தினார் அக்கா. வீங்கிய உடம்பில் நரம்பு கிடைப்பது சிரமம். சில நாட்களில் முழங்கையின் உள்பக்கம் முழுவதும் கன்றிப்போய், கத்தரிப்பூ நிறத்தில் பரவிவிட்டது.

ஒருநாள் குத்திய நேரத்தில் டிரைவர் அண்ணனின் கண்ணோரம் ஒரு சொட்டு நீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது.

அக்கா வெலவெலத்துப் போனார். "சிஸ்டர், இங்க வாங்களேன், இவர் அழறாரு!"

ஐசியூவின் தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அது கண்ணு காயக்கூடாதுன்னு நாங்க விடுற சொட்டு மருந்துக்கா" என்றார்.

"நான் குத்தினப்பதானே வந்துச்சு?"

"நீங்க குத்துறப்பதான் நீங்க இங்க இருக்கீங்க. மத்த நேரமும் வழியத்தான் செய்யுது."

அக்கா தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. எனக்குப் போன் செய்து, "இத்தனை வருஷத்துல முத தடவையா ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லியிருக்காருடா" என்றார். நான் நர்ஸ் சொன்னதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. "அப்படியாக்கா?" என்றேன்.

மறுநாள் காலை டிரைவர் அண்ணனின் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. இதய டாக்டர் வந்து பார்த்து, இப்போது ஒரு ட்ரோப், மதியம் இன்னொரு ட்ரோப் என்று எழுதிவிட்டுப் போனார்.

அக்கா ஊசியோடு போனார். கன்றிப்போன கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி போர்வைக்குள் வைத்துவிட்டு வலது பக்கம் போனார்.

தண்ணீர் ஓடுகிற கையில் ரத்தம் எடுக்கக்கூடாது. வேறு வழியே இல்லையென்றால் தண்ணீரை நிறுத்தி, நன்றாகக் காத்திருந்து, ஊசி இருக்கும் இடத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. தண்ணீரை நிறுத்தத்தான் செய்தார். காத்திருக்கும்போது பக்கத்துக் கட்டிலின் இயந்திரம் கத்தியது. ஓடிவந்த நர்ஸ், "அக்கா, கொஞ்சம் சீக்கிரம், இடம் வேணும்" என்றார். கீழே நரம்பு அகப்படவில்லை. மேலே முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு ஒன்று எடுப்பாகத் தெரிந்தது. "எறும்பு கடிச்ச மாதிரிதான்ணே" என்று குத்தினார். தடையில்லாமல் ரத்தம் வந்தது. கண்ணோரம் நீர் வரவில்லை. அக்காவுக்கு நிம்மதி.

குழாய் இறங்கி வந்தது. ட்ரோப் மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். கொஞ்சம்தான் கூடுதல்.

போன் அடித்தது. "எப்படிடா இருக்கு?"

"பயப்பட ஒண்ணுமில்லக்கா."

"பார்த்தியா? எங்கண்ணன் கெட்டி!"

மதியம் இரண்டாவது ரத்தம் எடுக்கப் போனபோது தலைமை நர்ஸ் அங்கேயே நின்றார். அக்காவின் கை வலது பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "இடது கைதான்க்கா. பாவம் பார்த்தா வேலையாகுமா?" என்றார். அக்கா கன்றிப்போன கையிலேயே குத்தினார்.

அந்த ரத்தத்தில் ட்ரோப் காலையில் இருந்ததைப்போல மூன்று மடங்கு. நான் இன்னொரு தடவை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். அதேதான். இவ்வளவு கூடினால் உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும், சொன்னேன்.

அதன்பிறகு மேலே நடந்ததை அக்கா பின்னால் சொல்லித்தான் தெரியும். இதய டாக்டர் ஓடிவந்தார். ஈசிஜி எடுத்தார்கள். அது ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வயிற்றைத் தைத்த அறுவை டாக்டரும் வந்துவிட்டார்.

"காலையில ஒண்ணுமில்ல, மதியம் மூணு மடங்கு. ஏறிக்கிட்டே இருக்கு. அடைப்பாத்தான் இருக்கணும். ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாகணும்" என்றார் இதய டாக்டர்.

"சார், வயித்துல தையல் இன்னும் ஆறலை. உள்ள கசிஞ்சா நிறுத்த முடியாது" என்றார் அறுவை டாக்டர்.

"இதயம் நின்னுபோனா உங்க தையலை யாருக்குக் காட்டப்போறீங்க?"

அறுவை டாக்டர் விலகி வழி விட்டார். தலைமை நர்ஸ் மருந்துப் புட்டியை எடுத்து உடைத்தார்.

எறும்பு அக்கா கதவோரம் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். 'காலையில ஒண்ணுமில்ல' என்று டாக்டர் சொன்னதுதான் அவர் காதில் நின்றது. காலையில் ரத்தம் அவ்வளவு எளிதாக வந்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. ஏறியது ட்ரோப் இல்லையோ? காலையில் தண்ணீர் கலந்ததால் குறைந்து தெரிந்ததோ? அது தெரிந்த ஆள் அந்த அறையில் அவர் ஒருவர்தான். சொன்னால் நாளை முதல் இந்தக் கதவு அவருக்குத் திறக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெளியே வராந்தாவில் இருந்த போனில் என்னைக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"தம்பி, காலையில வந்த ட்யூப் இருக்கா? கொட்டிட்டியா?"

பட்டதாரி என்று கூப்பிடாததே எனக்கு என்னவோ போலிருந்தது. "ஃபிரிட்ஜ்ல இருக்குக்கா."

"அதுல சுகர் பாரு. உடனே பாரு."

எதற்கென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீர் ஓடுகிற கை. அப்போதே எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

"அக்கா... அப்படியிருந்தா, ட்யூப் பழுது, ஸாம்பிள் கெட்டுப்போச்சுன்னு நானே இங்கேயிருந்து சொல்லிடறேன். நீங்க எதுவும் பேசாதீங்க."

"ட்யூப் மேல பழி போட்டா ட்யூப் வந்து சண்டை போடாதுதான். ஆனா நீ சுகர் பார்த்து முடிக்கிறதுக்குள்ள அங்க ஊசி போட்டுருவாங்கடா" என்றார். "வெச்சிடறேன்."

வைத்துவிட்டு உள்ளே போனார். மருந்து ஊசியில் ஏறியிருந்தது. தலைமை நர்ஸ் கட்டிலருகே போய்விட்டார்.

"டாக்டர், போடாதீங்க" என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். ரத்தம் எடுக்க வருபவர் டாக்டரிடம் 'போடாதீங்க' என்று சொல்லி அந்த அறை கேட்டதில்லை.

"காலையில நான் எடுத்தது டிரிப் ஓடுற கையில. தண்ணி கலந்த ரத்தம் அது. அந்த நம்பரை நம்பாதீங்க."

"இதை ஏம்மா இப்ப வந்து சொல்றீங்க?" இதய டாக்டரின் குரல் உயர்ந்தது.

"இப்பத்தான் எனக்கே உறைச்சுது, டாக்டர்."

"ரூல் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஏன் அந்தக் கையில எடுத்தீங்க?"

இதற்கு அக்கா என்ன சொல்ல முடியும்? கண்ணோரம் வந்த ஒரு சொட்டு நீரையா? "அந்தக் கை ரொம்பக் கன்றிப்போயிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

அதே நேரம் வார்டு போன் அடித்தது. நான்தான். காலைக் குழாயில் சர்க்கரை அளவு இயந்திரம் எட்டக்கூடிய எல்லையையும் தாண்டி நின்றது. உயிரோடிருக்கும் எந்த மனிதனின் ரத்தமும் அவ்வளவு இனிக்காது. மதியக் குழாயில் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. தலைமை நர்ஸ் கேட்டுவிட்டு அப்படியே டாக்டர்களிடம் சொன்னார்.

இதய டாக்டர் கட்டிலின் பக்கம் திரும்பினார். பிறகு, "ஊசியைக் கீழ வைங்க" என்றார். "இதயத்துக்கு ஸ்கேன் பண்ணுங்க. சாயங்காலம் இன்னொரு ட்ரோப். யார் எடுத்தாலும் எந்தக் கையில எடுத்தாங்கன்னு ட்யூப்ல எழுதியிருக்கணும்."

சாயங்காலம் எடுத்ததும் அக்காதான்; அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை. குழாயின் சீட்டில் அவருடைய உருண்டை எழுத்தில் 'இடது கை' என்றிருந்தது. அது தட்டில் இறங்கி வந்தபோது நான் லிஃப்டின் கதவைத் திறந்துவைத்தே காத்திருந்தேன். இயந்திரம் முடிவைத் துப்பும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மதியம் இருந்த அதே அளவு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்கேனிலும் அடைப்பின் அடையாளம் தெரியவில்லை. ரத்தத்தில் கலந்த நச்சின் பாரத்தைச் சுமந்து இதயம் திணறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊசி போடப்படவில்லை.

போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மறுநாள் டிரைவர் அண்ணனின் வயிற்றிலிருந்து வரும் குழாயில் ஊசி போடாமலேயே கொஞ்சம் ரத்தம் கசிந்து, பிறகு தானாக நின்றது. அறுவை டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு இதய டாக்டரைப் பார்த்தார். தலைமை நர்ஸ்தான் இதைச் சொன்னார்.

மேற்பார்வையாளர் அம்மா அக்காவை அழைத்து உட்காரச் சொன்னாராம். உட்காரச் சொன்னபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க சொன்னதாலதான் ஒரு உயிருக்கு ஆபத்து வரலை. அதை நான் மறக்கமாட்டேன். ஆனா அந்த ஆபத்து வந்ததும் உங்களாலதான். நாளையிலிருந்து கீழ வெளிநோயாளி கவுண்டர்" என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன்.

ஐசியூவில் கடைசி நாள் அக்கா டிரைவர் அண்ணனிடம் விடைபெற்றாராம். "நாளைக்கு வேற பொண்ணு வரும்ணே. நல்லாக் குத்தும். ஆனா பேசாது. நீங்கதான் பொறுத்துக்கணும்." கண்ணோரத்தைப் பார்த்தாராம். ஒன்றும் வரவில்லை.

வெளிநோயாளி கவுண்டரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. வரிசை வாசல்வரை நிற்கும். "எவ்வளவு நேரமாகும்?", "சாப்பிட்டுட்டு வரலாமா?", "போன தடவை குத்தின பொண்ணு வலிக்காமக் குத்துச்சு", "ஏம்மா, இவ்வளவு ரத்தமா எடுப்பீங்க, மீதி எனக்கு வேண்டாமா?" சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எழுந்து போய்விடுவார்கள். பஞ்சை அழுத்திப் பிடிப்பதைக்கூட அவர்களே செய்துகொள்வார்கள்.

"எல்லாரும் பேசுறாங்கடா. யார்கிட்டயும் பேச முடியலை" என்றார் அக்கா போனில்.

போன் மட்டும் நிற்கவில்லை. அங்கிருந்து வரும் ரத்தம் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொன்றுக்கும் கேட்க முடியாது. ஆனாலும் நாளுக்கு ஒரு தடவையாவது எதையாவது சாக்கு வைத்து அழைப்பார். நான் டிரைவர் அண்ணனின் செய்தியைச் சொல்வேன். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். கண் விழித்துவிட்டார். கூடப்பிறந்தவள் வந்துவிட்டாள். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்விட்டார். "போய்ப் பார்க்கலையாக்கா?" என்று கேட்டேன். "என்னன்னு சொல்லிப் போய் நிக்கிறது? 'உங்க கையைக் கன்ற வெச்சது நான்தான்'னா?" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, சிறிய லிஃப்ட் பழுது. குழாய்களை எடுத்துவர நானே கவுண்டருக்குப் போனேன். அக்காவின் முன்னால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். பெரிய உடம்பு, இளைத்ததில் சட்டை தொளதொளவென்று தொங்கியது. பக்கத்தில் நின்ற பெண், "தம்பிக்கு இங்கதான் ஆபரேஷன் ஆச்சு, டாக்டர் மறுபடி இதய டெஸ்ட் பார்க்கச் சொன்னாரு" என்று சீட்டை நீட்டினாள். அக்கா சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு அந்த இடது கையைப் பார்த்தார். கத்தரிப்பூ நிறமெல்லாம் போய், ஓரத்தில் மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் 'சொல்லட்டுமா?' என்று கண்ணால் கேட்டேன். அக்கா லேசாகத் தலையசைத்து வேண்டாம் என்றார்.

"எந்தக் கையில எடுக்கட்டும்?"

"எந்தக் கையா இருந்தா என்னம்மா, எல்லாம் ஒரே ரத்தம்தானே?" என்றார் டிரைவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லண்ணே. ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எறும்பா? லாரி ஓட்டுறவனை எறும்பு கடிச்சா எறும்புக்குத்தான் பல்லு போகும்."

அக்கா குத்தினார். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல, "ஐசியூல ரொம்ப நாள் இருந்தீங்களோ?" என்றார்.

"இருந்தேனாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. படுத்தேன், எந்திரிச்சேன். நடுவுல ஒரு சத்தங்கூடக் கேட்கலை."

"அப்ப நல்லதுதான்" என்றார் அக்கா. பஞ்சை வைத்து, அவர் கை அதற்கு வருமுன்பே தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார். வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். டிரைவர் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பெண், "போலாமா தம்பி?" என்றதும் எழுந்துகொண்டார். "வர்றோம்மா" என்று கூட்டத்துக்குள் போனார்கள். அடுத்தவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளிநோயாளிக்கு எந்தக் கை என்று எழுத வேண்டியதில்லை. அந்தக் குழாயின் சீட்டில் 'இடது கை' என்று எழுதியிருந்தது. கொண்டுபோய் இயந்திரத்தில் வைக்கும்போதும் கையில் அதன் சூடு இருந்தது.

முடிவு வருவதற்குள் போன் அடித்துவிட்டது.

"வந்துச்சா பட்டதாரி?"

"நான்தானேக்கா தூக்கிட்டு வந்தேன்."

"சும்மா கேட்டேன். எப்படி இருக்கு?"

திரையில் எண் விழும்வரை இருவரும் காத்திருந்தோம். "சுத்தமா இருக்குக்கா. உங்கண்ணன் கெட்டி" என்றேன்.

"ம்" என்றார். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பதில் சொல்லவில்லை, போனையும் வைக்கவில்லை. எனக்கும் அடுத்த பெட்டி காத்திருந்தது. நானும் வைக்கவில்லை.